சுடுவதென்றால் செம்பால் சுடுங்கள்

(கள்ளக்குறிச்சியில் விவசாயிகளும் மாணவர்களும் வனப் பணியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி குறித்து ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரையும் தாண்டி வந்து பயிரை அழித்தால், பயிற்சி பெற்ற வனப் பணியாளர்கள் சுடலாம். இதுதான் அந்த முடிவின் சாரம்.

இது சரியா தவறா என்று டீக்கடையிலும் குறைதீர் கூட்டத்திலும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். எத்தனை பன்றி, எந்த ஊர், யார் உத்தரவு கொடுப்பது என்றெல்லாம் கேள்விகள் வருகின்றன. ஒரு கேள்வி மட்டும் வரவே இல்லை. சுடுகிற குண்டு எந்த உலோகத்தில் செய்தது? இந்தக் கேள்வியோடுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். என் பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுட வேண்டும் என்று அரசு முடிவெடுத்தால் செம்பால் சுட வேண்டும், காரீயத்தால் சுடக் கூடாது.

கொல்லையில் நடப்பது

பன்றியால் வரும் கஷ்டத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ராத்திரி பன்றி இறங்கிய மல்லாட்டைக் கொல்லையைக் காலையில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூக்கால் கிளறிய மண் ஒரு சாண் ஆழத்துக்குப் புரண்டு கிடக்கும். காய் பிடித்த செடியை வேரோடு கிளப்பி, காயை மென்று, தோலைத் துப்பிவிட்டு அடுத்த செடிக்குப் போயிருக்கும். தின்றது கொஞ்சம், மிதித்ததும் சாய்த்ததும் அதிகம். மரவள்ளி போட்டவர் மாதக்கணக்கில் காத்திருந்த கிழங்கு ஓர் இரவில் போய்விடும். மக்காச்சோளத்தில் தட்டையைச் சாய்த்துக் கதிரைக் கடிக்கும். கரும்புத் தோட்டமோ அதற்குப் பகலில் படுத்துக்கொள்ள வசதியான மறைவிடம். மலைமேல் சாமையும் தினையும் விதைப்பவர்களுக்குப் பரண் கட்டி விழித்திருப்பது பாட்டன் காலத்துப் பழக்கம்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. சேலம், தருமபுரி, செங்கம், நம் பக்கம் என்று நடுகற்கள் நிறைந்த பூமி இது. அந்தக் கற்களில் பன்றிக்குத்திப்பட்டான் கல் என்றே ஒரு வகை உண்டு. பயிரையும் ஊரையும் காக்கப் போய்ப் பன்றியோடு போராடி உயிர் விட்டவனுக்கு ஊரார் எடுத்த கல். கையில் ஈட்டியோ வாளோ ஏந்திய வீரன், எதிரே பாய்கிற பன்றி. பன்றியை எதிர்த்து நிற்பது உயிரைப் பணயம் வைக்கிற வேலை என்று நம் முன்னோர் கல்லிலே செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்று ஈட்டி போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தவை அதைவிடக் கொடியவை. திருட்டு மின்வேலி பன்றியைக் கொல்கிறது. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரையும் கொல்கிறது. அவுட்டுக்காய் என்ற நாட்டுவெடி பன்றியின் வாயைக் கிழிக்கிறது. மேய்ச்சல் மாட்டின் வாயையும் கிழிக்கிறது. மூன்றாவது, உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. கல்வராயன் மலையில் அவற்றை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறது. பலர் ஒப்படைத்தும் இருக்கிறார்கள். இந்த மூன்றும் சட்டப்படி குற்றம். இவற்றுக்கு மாற்றாக, முறையான ஆட்கள் முறையான கருவியோடு வருவது நல்லதுதான். அந்தக் கருவியின் குழலிலிருந்து வெளியே வருவது எது என்பதில்தான் என் கவலை.

குண்டு உடம்புக்குள் என்ன ஆகிறது

தோட்டா என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளை உறை, அதன் அடியில் தீப்பற்றும் மருந்து, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். வேட்டைக்கான குண்டு பெரும்பாலும் உள்ளே காரீயம், மேலே மெல்லிய செப்புப் போர்வை. முனையில் மட்டும் போர்வை விலகிக் காரீயம் தெரியும். அந்த மெத்தென்ற முனை உடம்பில் பட்டதும் நசுங்கி விரிகிறது. விரிந்தால் காயம் அகலமாகும், விலங்கு சீக்கிரம் சாகும்.

இந்த விரியும் குண்டுக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1890-களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் என்ற ஊரின் ஆயுதச்சாலையில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக இப்படிப்பட்ட குண்டு செய்தார்கள். டம்டம் குண்டு என்று அந்த ஊர்ப் பெயரே உலகம் முழுக்கப் பரவியது. மனிதர் மேல் இதைப் பயன்படுத்துவது கொடுமை என்று 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரில் அதற்குத் தடை போட்டன. வேட்டையில் மட்டும் அது நிலைத்துவிட்டது. விலங்கை நீண்ட நேரம் துடிக்க விடாமல் கொல்ல வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தை நானும் ஏற்கிறேன். சுட்டால் அந்த உயிர் உடனே அடங்க வேண்டும். அரைகுறைக் காயத்தோடு புதருக்குள் ஓடவிடுவது பாவம். ஊருக்கும் ஆபத்து.

ஆனால் காரீயம் விரிவதோடு நிற்பதில்லை, சிதறுகிறது. அப்படிச் சுட்ட மானின் எக்ஸ்-ரே படத்தைத்தான் இப்போது திரையில் பார்க்கிறீர்கள். விலா எலும்புகள் வெளிர்நிறத்தில் தெரிகின்றன. நடுவே குண்டு போன பாதை. அந்தப் பாதையைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள். சில அரிசிக் குருணை அளவு இருக்கும். மற்றவை அதைவிட மிகச் சிறியவை, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். பாதையிலிருந்து ஒரு சாணுக்கும் அப்பால், நல்ல கறி என்று நாம் நினைக்கிற இடத்தில்கூடப் புள்ளிகள் கிடக்கின்றன. கத்தியால் காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறவர்கள் இந்தப் படத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக் காட்டியது. ரைபிளால் சுடப்பட்ட 38 மான்களின் உடல்களை எக்ஸ்-ரே எடுத்தார்கள். காரீயக் குண்டால் சுட்டவற்றின் மாதிரிகளில் 94 விழுக்காட்டில் உலோகத் துணுக்குகள் இருந்தன. வேட்டைக்காரர்கள் காட்டிலேயே போட்டுவிட்டுப் போன குடல் குவியல்கள் 20-ஐ எடுத்துப் பார்த்தார்கள். 18-இல் துணுக்கு இருந்தது. சில குவியல்களில் இருநூறுக்கும் மேல். அதே ஆய்வில் முழுச் செப்புக் குண்டால் சுட்ட 4 மான்களையும் பார்த்தார்கள். நான்கிலும் சேர்த்து ஆறே ஆறு துணுக்குகள். அந்தப் பக்கம் ஒரே குவியலில் இருநூறு, இந்தப் பக்கம் நான்கு முழு உடம்பில் ஆறு. என் பேச்சு முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடும்.

துணுக்கு போய்ச் சேரும் இடம்

வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் ஆனது. நான் சொல்வது காரீயம். பழைய பேட்டரித் தகட்டிலும் மீன்வலையின் எடைக்குண்டிலும் இருப்பது அதுதான். மனித உடம்புக்கு இதனால் எள்ளளவும் பயன் கிடையாது. உள்ளே போனால் சுண்ணாம்புச்சத்துப் போல வேடமிட்டு எலும்பில் குடியேறுகிறது. அங்கே ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. ரத்தத்தில் சிவப்பணு உருவாவதைத் தடுத்துச் சோகையை உண்டாக்குகிறது. வளரும் பிள்ளையின் மூளையைத் தொட்டால் படிப்பும் கவனமும் குறைகின்றன. கர்ப்பிணியின் எலும்பில் பழையது இருந்தால் அது கரைந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று காரீயத்துக்கு அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை.

யுனிசெஃப் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளுக்கு, ரத்தத்தில் காரீயம் கவலைப்படும் அளவில் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் இந்தியக் குழந்தைகள் மட்டும் 27 கோடிக்கும் மேல். இதற்குப் பேட்டரி, சாயம், கலப்பட மஞ்சள் என்று பல வழிகள் உண்டு. குண்டு அந்த வழிகளில் ஒன்றுதான். ஆனால் ஏற்கெனவே இவ்வளவு சுமக்கிற பிள்ளையின் தட்டில் இன்னும் ஒரு துணுக்கு விழ வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மலைப் பெரியவர்களே, உங்களிடம் ஒரு விஷயத்தைப் பணிவோடு சொல்கிறேன். நாட்டுத் துப்பாக்கிக்குக் குண்டு வேண்டும் என்று காரீயத்தை அடுப்பில் வைத்து உருக்குகிற பழக்கம் எங்கே இருந்தாலும் அது விட்டொழிக்க வேண்டிய பழக்கம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உருக்கும்போது எழுகிற புகையும், தரையில் சிந்துகிற தூளும் வீட்டுக்குள்ளேயே தங்குகின்றன. தவழும் பிள்ளை தரையில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கிறது. பன்றி சாகிறதோ இல்லையோ, வீட்டுக்குள் நஞ்சு வந்துவிட்டது. அப்படிச் சுட்ட கறியைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தால், புளிப்பில் காரீயம் இன்னும் கூடுதலாகக் கரைகிறது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று கள்ளக்குறிச்சிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த நஞ்சு சில நாட்களில் வேலையை முடித்தது. அதனால் நாடே திரும்பிப் பார்த்தது. காரீயம் வருஷக்கணக்கில் வேலை செய்கிறது. அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மெதுவாக நடக்கிறது என்பதற்காக ஒரு தீங்கைச் சின்னது என்று நினைத்துவிடக் கூடாது.

இறைச்சி தின்கிற மனிதன் மட்டும் இதில் இல்லை. காயம்பட்டு ஓடி, காட்டுக்குள் போய்ச் சாகிற பன்றியை நரி தின்னும், உடும்பு தின்னும், பருந்து தின்னும். பறவையின் இரைப்பை அமிலம் காரீயத்தை வேகமாகக் கரைக்கும். குருணை அளவு துணுக்கே ஒரு பெரிய பறவையைச் சாய்த்துவிடப் போதும். பிணத்தின் வழியாகப் போகும் நஞ்சு என்ன செய்யும் என்று நாம் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறோம். மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. இந்தியா முழுவதும் கோடிக்கணக்கில் இருந்த பாறுகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டன. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் தமிழ்நாட்டில் அவை முதுமலை, மோயாறு பள்ளத்தாக்கு என்று ஒரு மூலைக்குள் ஒடுங்கிவிட்டன. ஒரு மருந்தை மாற்றத் தாமதித்ததற்கு நாம் கொடுத்த விலை அது.

பிற நாடுகள் செய்தது

நம் நிலைமைக்கு மிகவும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ. அங்கே பன்றிக்குப் பதில் சிகா மான். மான் பெருகி வயலையும் காட்டையும் அழித்ததால் ஏராளமாகச் சுட்டார்கள். குளிர்காலத்தில் பனிமேல் கிடந்த மிச்சத்தைக் கடற்கழுகுகள் தின்றன. 1990-களில் கழுகுகள் செத்து விழத் தொடங்கின. உடலை அறுத்துப் பார்த்தால் காரீயம். 2000-இல் மான் வேட்டைக்குக் காரீய ரைபிள் குண்டை அந்தத் தீவின் அரசு தடை செய்தது. பிறகும் சிலர் பயன்படுத்தியதால் 2014-இல் வேட்டைக்குப் போகும்போது கையில் வைத்திருப்பதே குற்றம் என்று ஆக்கியது. மானைச் சுடுவதை அவர்கள் நிறுத்தவில்லை. குண்டைத்தான் மாற்றினார்கள்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா காண்டர் என்ற பெருங்கழுகு 1982-இல் உலகிலேயே 22 மட்டும் மிஞ்சியது. மிஞ்சியவற்றையும் 1987-இல் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்கி மறுபடி காட்டில் விட்டார்கள். விட்ட பறவைகளைக் கொன்ற காரணங்களில் முதலிடம் காரீயத்துக்கு. 2013-இல் கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் எந்த வனவிலங்கைச் சுடவும் காரீயம் கூடாது என்றானது. டென்மார்க் 1990-களிலேயே காரீயச் சில்லுக் குண்டை விலக்கிய நாடு. 2024 ஏப்ரல் முதல் ரைபிள் குண்டிலும் விலக்கிவிட்டது. அங்கெல்லாம் வேட்டை இன்னும் நடக்கிறது.

நம் நாடும் காரீயத்தை விலக்கத் தெரியாத நாடு அல்ல. 2000-க்குள் பெட்ரோலிலிருந்து எடுத்தோம். 2017 முதல் வீட்டுப் பெயின்டில் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்றோம். காற்றிலிருந்தும் சுவரிலிருந்தும் எடுத்தவர்களுக்குக் குண்டிலிருந்து எடுப்பது பெரிய காரியம் ஆகாது.

செப்புக் குண்டைத் தேர்ந்தெடுப்பது

இப்போது வனத்துறை நண்பர்களுக்காகக் கொஞ்சம் நுட்பமாகப் பேச வேண்டியிருக்கிறது.

1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பார்ன்ஸ் நிறுவனம் முழுச் செம்பில் விரியும் குண்டைக் கொண்டுவந்தது. பெரிய விலங்கின் கனத்த எலும்பிலும் உடையாமல் ஆழம் போக வேண்டும் என்பதே அப்போது நோக்கம். நஞ்சைப் பற்றிய பேச்சு பிறகுதான் வந்தது. முனையில் ஒரு குழி. உடம்பில் பட்டதும் அந்தக் குழிக்குள் ஈரமும் தசையும் புகுந்து அழுத்த, முனை நான்கு இதழாகப் பிளந்து பின்னோக்கி மடிகிறது. இதழ் குண்டோடு ஒட்டியே இருக்கும். அதனால் குண்டு தன் எடையில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இழக்காமல் போய்ச் சேர்கிறது. சாதாரணக் காரீயக் குண்டு மூன்றில் ஒரு பங்கைக்கூட உடம்புக்குள் உதிர்த்துவிடும்.

வெளிநாட்டில் ஒரு வேட்டைக்காரர் தனக்கென்று தனி ரைபிள் செய்யச் சொல்லும்போது, குழல் கடைசலுக்குப் போகும் முன்பே எந்தக் குண்டு என்று முடிவு செய்துவிடுவார். காரணம் எடைதான். காரீயத்தின் அடர்த்தி 11.34. செம்பின் அடர்த்தி 8.96. ஒரே எடை வேண்டுமானால் செப்புக் குண்டு நீளமாக இருக்க வேண்டும். ரைபிள் குழலுக்குள் முறுக்கு வரிகள் உண்டு. அவைதான் குண்டைச் சுழற்றி நேராகப் பறக்க வைக்கின்றன. நீளமான குண்டுக்கு முறுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குண்டு தள்ளாடும், குறி தவறும், விலங்கு காயத்தோடு ஓடும்.

ஆகவே, பழைய துப்பாக்கியில் அதே எடையுள்ள செப்புக் குண்டைத் தேடக் கூடாது. எடையைக் குறைத்து, நீளத்தைப் பழைய அளவிலேயே வைக்க வேண்டும். நம் நாட்டில் உரிமத்தோடு அதிகம் புழங்கும் 315 போர் ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவத் தோட்டாக்களைப் பொதுமக்கள் வைத்திருக்க பிரிட்டிஷ் அரசு தடை போட்ட காலத்தில் வழக்கத்துக்கு வந்த அளவு அது. அதன் குண்டு ஏறத்தாழ 16 கிராம். அதே நீளத்தில் செம்பில் செய்தால் 13 கிராமுக்குள் வரும். எடை குறைந்ததால் வேகம் கூடும். வேகம் கூடுவது இங்கே நமக்குச் சாதகம். ஏனென்றால் செம்பு காரீயத்தைப் போல மெத்தென்றது அல்ல. பல செப்புக் குண்டுகள் நன்றாக விரிய, போய்ப் படும்போது விநாடிக்கு 550 முதல் 600 மீட்டர் வேகமாவது வேண்டும். வேகம் அதற்குக் கீழே போனால் இதழ் மலராது, சிறு துளை போட்டுக்கொண்டு வெளியே போய்விடும். எனவே தூரத்திலிருந்து சுடக் கூடாது. பன்றியைப் பொறுத்தவரை இது இடைஞ்சலே இல்லை. கொல்லை ஓரத்துப் பரணிலிருந்து சில பத்து மீட்டர்தான்.

பரணிலிருந்து சுடுவதில் இன்னொரு நன்மை. குண்டு கீழ்நோக்கிப் போகிறது, பின்னால் மண் இருக்கிறது. செப்புக் குண்டு உடையாததால் உடம்பைத் துளைத்து வெளியேறுவது அதிகம். பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையைத் தொடக் கூடாது. கல்வராயன் அடிவாரத்தில் பாறை அதிகம். பாறையில் பட்டால் எந்தக் குண்டும் திசை மாறும். அடுத்த கொல்லையில் இன்னொருவர் காவலுக்குப் படுத்திருப்பார் என்பதை மறக்கக் கூடாது.

பராமரிப்பிலும் கவனம் தேவை. செம்பு குழலின் உட்புறத்தில் படியும். அதைக் குறைக்கத்தான் இப்போதைய குண்டுகளின் உடலில் வளையப் பள்ளங்கள் வெட்டுகிறார்கள். ஒரே ரைபிளில் காரீயத்தையும் செம்பையும் மாற்றி மாற்றிச் சுட்டால் குறி ஓர் இடத்தில் நிற்காது. செம்புக்கு மாறுகிற அன்று குழலைப் படிவு போகத் துடைத்து, புதுக் குண்டில் குறியை மறுபடி சரிபார்த்து, பிறகு செம்பையே வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியும் அதே குண்டில்தான் நடக்க வேண்டும். காரீயத்தில் பயிற்சி எடுத்துவிட்டுச் செம்போடு கொல்லைக்குப் போகிறவர் தன் குறியை நம்ப முடியாது. 12 போர் துப்பாக்கியில் சில்லுக் குண்டு போட்டுப் பன்றியைச் சுடுவதைத் தவிர்ப்பது எல்லாவற்றிலும் நல்லது. சில்லு பரவும், காயம் மட்டும் படும். 12 போர்தான் கையில் இருக்கிறது என்றால் ஒற்றைச் செப்புக் குண்டு வெளிநாடுகளில் அதற்கும் கிடைக்கிறது.

சொல்லப்படும் மறுப்புகள்

சுட்ட பன்றியைப் புதைத்துவிடப் போகிறோம், பிறகு எந்த உலோகமாக இருந்தால் என்ன என்று கேட்பார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி அப்படிச் சுடப்பட்ட விலங்கு அரசின் சொத்து. கேரளத்தில் சுட்ட பன்றியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கிற வழக்கமும் இருக்கிறது. நல்லது. ஆனால் காயத்தோடு தப்பி ஓடிய பன்றியை யார் புதைப்பது? ஆழம் இல்லாமல் புதைத்ததை நாயும் நரியும் தோண்டாதா? சட்டம் தடுத்தாலும் கறி ஏதோ ஒரு வீட்டு அடுப்புக்குப் போகிறது என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்குத் தெரியாது? குற்றம் செய்தவருக்குத் தண்டனை கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அவர் வீட்டுக் குழந்தைக்கு நஞ்சு கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.

விலை அதிகம் என்பார்கள். உண்மைதான், செப்புக் குண்டு சற்று விலை கூடியதே. ஆனால் ஒரு பன்றிக்குத் தேவை ஒரு குண்டு, தவறினால் இரண்டு. பரண், வண்டி, ஆள், இரவுப்படி என்று ஆகும் செலவுக்கு முன்னால் குண்டின் விலை வித்தியாசம் கணக்கிலேயே வராது.

இங்கே கிடைக்காது என்பார்கள். செம்பும் பித்தளையும் கடைசலும் தெரியாத நாடா இது? திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை 1960-களிலிருந்து இயங்குகிறது. நாட்டின் தோட்டா ஆலைகள் இப்போது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வருகின்றன. செப்புக் கம்பியைக் கடைந்து முனையில் குழி எடுப்பது அவர்களுக்கு முடியாத வேலை அல்ல. வாங்குகிறவர் கேட்டால்தான் செய்கிறவர் செய்வார். தமிழ்நாட்டு வனத்துறை கேட்க வேண்டும்.

என் வேண்டுகோள்

முதலாவது, அரசுக்கு. காட்டுப்பன்றியைச் சுடுவதற்கான விதிமுறையில் ஒரே ஒரு வரி சேருங்கள். காரீயம் இல்லாத குண்டு மட்டுமே பயன்படுத்தப்படும் என்ற வரி. ரைபிள் வாங்கும் முன்பு குண்டைத் தீர்மானியுங்கள். அதற்கேற்ற முறுக்குள்ள குழலை வாங்குங்கள்.

இரண்டாவது, வனத்துறைக்கு. சுட்ட ஒவ்வொரு பன்றிக்கும் எழுதும் பதிவில் எத்தனை குண்டு, எந்த உலோகம், விழுந்ததா ஓடியதா, எவ்வளவு ஆழத்தில் புதைத்தோம் என்ற நான்கு விவரங்களையும் சேருங்கள். ஓராண்டு கழித்து அந்தப் பதிவேட்டை ஊராட்சியில் படித்துக் காட்டுங்கள். பேச்சைவிட அது பலமாகப் பேசும்.

மூன்றாவது, மருத்துவத் துறைக்கு. கல்வராயன் மலையில் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சோகைக்காக ரத்தம் எடுக்கும்போது அதே ரத்தத்தில் காரீயத்தையும் பாருங்கள். காரீயமே சோகைக்கு ஒரு காரணமாக இருக்கும்போது, அதைப் பார்க்காமல் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுப்பது பாதி வைத்தியம்தான்.

நான்காவது, மலை மக்களாகிய உங்களுக்கு. ஜாகீர்தார்களின் பிடியில் தலைமுறை தலைமுறையாக உழைத்து, 1970-களில்தான் நேரடி அரசு நிர்வாகத்தின் கீழ் வந்த மலை இது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் தாமதமாக வந்தன. இன்னும் வராத ஊர்களும் உண்டு. அறிவியல் கண்ட நல்லதும் கடைசியாகத்தான் மலை ஏற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வீட்டில் உரிமம் இல்லாத துப்பாக்கி இருந்தால் ஒப்படையுங்கள். காரீயத்தை அடுப்பருகே கொண்டுவராதீர்கள். பன்றி வந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். வந்து சுடுகிறவரிடம், ஐயா உங்கள் குண்டு செம்பா காரீயமா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது உங்கள் கொல்லை, உங்கள் மண், உங்கள் பிள்ளை.

விலங்கைக் கொல்வது எனக்கு மகிழ்ச்சி தருகிற விஷயம் அல்ல. வேறு வழி இல்லாத இடத்தில் மட்டும், தெரிந்தவர் கையால், ஒரே குண்டில், துடிக்க விடாமல் அது நடக்கட்டும். அந்த ஒரு குண்டோடு அதன் தீங்கும் முடிந்துவிட வேண்டும். பன்றி செத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் யாரையாவது கொன்றுகொண்டே இருக்கிற உலோகத்தை அரசின் பணத்தில் வாங்கி நம் மண்ணில் போடக் கூடாது. செம்பு இருக்கிறது, செய்யும் ஆலை இருக்கிறது, செய்து காட்டிய நாடுகள் இருக்கின்றன. இனி வேண்டியது ஓர் உத்தரவு. அந்த உத்தரவு வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.